முப்பத்திரண்டாவது மனை

ஏழைகளுக்கு வீடு வாங்கித் தருகிறோம் என்று சங்கம் வைப்பவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அப்படி ஒரு சங்கத்தில் நான்கு வருடம் ஏழு மாதம் செயலாளராக இருந்தேன். ஆகையால் தெரியாமல் பேசுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது.

அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் அந்தச் சங்கம் தொடங்கியது. நிர்வாகக் குழுவில் ஏழு பேர். தலைவர் அரிசி மில் முதலாளி. துணைத் தலைவர் ஒரு வக்கீல். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், ஜவுளிக்கடைக்காரர் ஒருவர். இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். கல்யாண வீடுகளில் முதல் வரிசையில் உட்காருவதைத் தவிர அவர்கள் வேறு என்ன செய்தார்கள் என்பதை அந்த நான்கு வருடத்தில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏழாவது ஆள் நான். இரயில்வே ஜங்ஷனில் சரக்குக் குமாஸ்தா. பீங்கான் பட்டறைகளிலிருந்து ஜாடியும் பொம்மையும் வைக்கோல் திணித்துப் பெட்டிகளில் வரும். அவற்றை எண்ணி வண்டியில் ஏற்றுவது என் வேலை. கையெழுத்து அழகாக இருக்கும், எண்ணிக்கை தவறாது என்று யாரோ சொல்லி என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். முப்பது வயதில் அதைப் பெருமை என்று நினைத்தேன்.

அரிசி மில் மாடியில் கூட்டம் நடக்கும். மொத்தம் ஐம்பத்து மூன்று கூட்டங்கள். தீர்மானம் போடத் தேவையான ஆட்கள் வந்தது பத்தொன்பது தடவை. டீயும் பக்கோடாவும் வந்தது ஐம்பத்து மூன்று தடவை. ஒரு கூட்டத்தில் தலைவர் பேசும்போது நோட்டின் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். 'ஏழை எளிய மக்கள்' என்று நாற்பத்தொரு முறை சொன்னார். அந்த மக்கள் குடியிருந்த மணிமுத்தாற்றுப் படுகை மில் வாசலிலிருந்து அறுநூறு அடி எடுத்து வைத்தால் வந்துவிடும். அந்த அறுநூறு அடியைத் தலைவர் ஒரு நாளும் எடுத்து வைத்ததில்லை. மாடி ஜன்னலைத் திறந்தால் குடிசைகள் தெரியும். வாடை வருகிறது என்று அதையும் மூடித்தான் வைத்திருந்தார்கள்.

படுகையில் குடியிருந்தவர்கள் பட்டறைகளில் களிமண் மிதிப்பவர்கள், செங்கல் அறுப்பவர்கள், ஸ்டேஷனில் மூட்டை தூக்குபவர்கள். பிழைக்க வழியில்லாமல் திட்டக்குடிப் பக்கமிருந்தும் ஸ்ரீமுஷ்ணம் பக்கமிருந்தும் வந்து சேர்ந்தவர்களும் உண்டு. ஒரு வருடம் ஐப்பசியில் ஆறு பெருகிக் குடிசைகளில் பாதியை இழுத்துக்கொண்டு போயிற்று. ஒன்பது நாள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் கிடந்தார்கள். சங்கத்துக்கு அதுவரை காரியம் என்று ஒன்று இல்லை, இப்போது கிடைத்தது. மனு எழுதினேன். ஒன்றல்ல, பதினான்கு மனு. தலைவரும் வக்கீலும் கடலூர் போய்க் கலெக்டரைப் பார்த்துவிட்டு, அங்கே என்ன பேசினார்கள் என்பதைவிட அங்கே தங்களுக்கு நாற்காலி போட்டார்கள் என்பதை அதிகம் சொன்னார்கள். எப்படியோ இரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மேட்டு நிலத்தில் முப்பத்திரண்டு மனை ஒதுக்கினார்கள். குடும்பங்களின் பட்டியலைச் சங்கமே தயாரித்துக் கொடுக்கலாம், தாசில்தார் சரிபார்த்துப் பட்டா கொடுப்பார் என்று உத்தரவு வந்தது.

எத்தனை குடும்பம் என்பதில்தான் தகராறு. தலைவர் நாற்பது என்றார். வக்கீல் இருபத்தைந்துக்கு மேல் இருக்காது என்றார். படுகைக்காரர்களைக் கேட்டால் ஐம்பது, அறுபது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். அது ஒரு குடும்பமா மூன்றா என்று அவர்களுக்கே தெரியாது.

அப்போது நான் எழுந்து ஒரு யோசனை சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் கூரையை வைத்துக் குடும்பத்தைக் கணக்கிடுவதில்லை, அடுப்பை வைத்துத்தான். மகனும் மருமகளும் ஒரே வீட்டில் இருந்தாலும் தனி அடுப்பு மூட்டிவிட்டால் அது தனிக் குடும்பம். கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவதும் அடுப்பைப் பார்த்துத்தான். கல்யாணப் பத்திரிகை வைப்பதும் அப்படியே. ஆகவே அடுப்பை எண்ணுவோம், ஒரு அடுப்புக்கு ஒரு மனை என்றேன். தலைவர் மேஜையைத் தட்டினார். "மூளைன்னா இது மூள!" என்றார். மூளை என்பதால் அதை மறுநாளே டீக்கடையில் உட்கார்ந்து எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நோட்டோடு படுகைக்குப் போனால், அடுப்புகள் குட்டி போட்டிருந்தன. சந்தையில் மண் அடுப்பு தீர்ந்துபோய், குயவர்கள் வேகாத அடுப்பைக்கூட விற்றுவிட்டார்களாம். ஒரு குடிசையில் மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"ரெண்டும் யாருடையது?" என்றேன்.

"இது என்னுது சார். அது எங்க மாமியாளுது," என்றாள் மருமகள்.

"எப்போதிலிருந்து தனியா இருக்கீங்க?"

"நேத்து சாய்ங்காலம் சண்ட ஆயிப்போச்சு சார்."

"ஆமாங்க, பெரிய சண்ட," என்றாள் மாமியார். வெற்றிலையை மென்றுகொண்டே மருமகள் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சண்டை?"

மருமகள் திரும்பி மாமியாரைப் பார்த்தாள். மாமியார், "கொழம்புல உப்பு," என்றாள்.

மொத்தம் நாற்பத்தொன்பது அடுப்பு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பொய் சொல்வதையாவது ஒழுங்காகச் சொல்லக் கூடாதா? அங்கேயே இரண்டாவது விதியை உண்டாக்கினேன். ஒவ்வொரு அடுப்புக்குள்ளும் விரலை விட்டுத் தடவினேன். விரலில் கரி ஒட்டினால் கணக்கு, ஒட்டாவிட்டால் இல்லை. கரி இல்லாதவை பதினெட்டு. அவற்றைத் தள்ளினால் முப்பத்தொன்று. கரி படிந்த விரலோடு மில்லுக்குப் போய்க் காட்டினேன். எல்லோரும் சிரித்துப் பாராட்டினார்கள்.

"முப்பத்தொண்ணு போனா ஒண்ணு மீதி," என்றார் வக்கீல்.

"அது சங்கத்துக்கு," என்றார் தலைவர். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

இனி அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். படுகையின் மேற்குக் கோடியில் ஒரு பீங்கான் பட்டறையின் பின்சுவர் இருந்தது. அந்தச் சுவரில் சாய்த்து நான்கு தகரம் போட்டு ஒரு புருஷனும் பெண்சாதியும் குடியிருந்தார்கள். புருஷன் பட்டறையில் வெள்ளைக் கல்லை அரைத்து மாவாக்கும் இடத்தில் ஒன்பது வருடம் வேலை செய்தவன். மூச்சில் போன தூசி நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் உட்கார்ந்தபடியேதான் தூங்குவான். படுகையில் எல்லோரும் டி.பி. என்றார்கள். ஆஸ்பத்திரியில் டி.பி. இல்லை, ஒட்டாது, தூசிதான் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர் படுகையில் யாரும் இல்லை. படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கவில்லை. பெண்சாதி அதே பட்டறையில் பெட்டிகளில் வைக்கோல் வைத்துப் பாத்திரம் அடுக்குகிறவள். சூளையை ஒட்டிக் குடியிருந்ததால் அவளைச் சூளைக்காரி என்பார்கள்.

எண்ணப் போன அன்று அவள் வேலைக்குப் போயிருந்தாள். தகரத்துக்குள் எட்டிப் பார்த்தேன். பாய் ஒன்று, சட்டி மூன்று, தண்ணீர்க் குடம் ஒன்று, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அந்த ஆள். அடுப்பு இல்லை.

"அடுப்பு எங்கே?" என்றேன்.

பேச வாயைத் திறந்தவனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இருமலோடு கையை நீட்டிச் சூளைப் பக்கம் காட்டினான். பெண்சாதி சூளையில் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்வதாக நினைத்தேன். முந்தின வரிசையில் யார் வீட்டிலோ சாப்பிடுகிறவர்கள் போலிருக்கிறது என்று முடிவு செய்து, 'தனி அடுப்பு இல்லை' என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். ஒரு நிமிடம் நின்றிருந்தால் இருமல் அடங்கியிருக்கும். நிற்கவில்லை. பத்து மணிக்குள் முடிக்க வேண்டும் என்று இருந்தேன். பத்து மணிக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை.

புதன்கிழமை அவள் சரக்கு ஷெட்டுக்கே வந்துவிட்டாள். இடுப்பில் ஒரு மண் அடுப்பு.

"நீங்கதான அடுப்பு கணக்கு எடுக்குற சாரு? இந்தாங்க, பாத்துக்குங்க," என்று என் மேஜைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தாள்.

உள்ளே விரலை விட்டேன். "கரி இல்லையே," என்றேன்.

"நேத்து வந்த அடுப்புல கரி எங்கருந்து வரும்?"

"கரி இருந்தால்தான் கணக்கு. விதி எல்லோருக்கும் ஒன்றுதான்."

"பொக பட்டா அந்தாளுக்கு மூச்சு வராது சார். அதனால வூட்டாண்ட நெருப்பே மூட்டுறதில்ல. ரெண்டு சூள இருக்குது. ஒண்ணு ஆறுனா ஒண்ணு எரியும். சூள வாயில சட்டிய வெச்சி சோறு ஆக்கி எடுத்தாந்துருவேன். பதினாலு மாசமா அப்பிடித்தான்."

நான் நோட்டைப் புரட்டினேன்.

"பதினெட்டு பேரு பொய் அடுப்பு வெச்சாங்க. அவங்கள கரெக்டா கண்டுபுடிச்சிட்டீங்க. நாங்க பொய் சொல்லல. எங்கள மட்டும் கண்டுபுடிக்க முடியலியா?"

பக்கத்தில் நின்ற மூட்டை தூக்கிகள் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. யோசித்துச் சொல்கிறேன், அடுப்பை எடுத்துக்கொண்டு போ என்றேன்.

"எடுத்துக்கினுதான் போவணும். இது பக்கத்து வூட்டு அடுப்பு. நீங்க தள்ளுனீங்களே, அதுல ஒண்ணு," என்றாள். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே, ஆவணி முடிந்ததும் மூன்றாவது சூளை கட்டப் போகிறார்கள், பின்சுவரை இடிக்கிறார்கள், தகரத்தை எடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்றாள். "ஐப்பசியில நனஞ்ச தரையில ஒரு நாளு ஒக்காந்தாலும் அந்தாளு போயிரும் சார். காஞ்ச தர வேணும். அவ்ளோதான் கேக்குறேன்."

அன்று மாலை வேலை முடிந்ததும் பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னபடியேதான் இருந்தது. சூளை வாய்க்கு வெளியே இழுத்துப் போட்ட தணலில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு சட்டி, ஒரு அகப்பை, இரண்டு பேருக்குச் சோறு. அந்த ஊரிலேயே பெரிய அடுப்பு அவளுடையதுதான். பதினெட்டு அடி உயரம். அது என் கண்ணில் படவில்லை.

என் மேல் எனக்கு அன்றிலிருந்து மரியாதை குறைந்துவிட்டது. ஆனால் சங்கத்து ஆட்களைப் பார்க்கும்போது கொஞ்சம் கூடும்.

அடுத்த கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னேன். தவறு என்னுடையது, முப்பத்திரண்டாவது மனையை அவர்களுக்குக் கொடுப்போம் என்றேன்.

"எந்த ஆளு? அந்த இருமல்காரனா?" என்றார் தலைவர். "செக்ரட்ரி, அவன அங்க கொண்டுபோயி வெச்சா மத்த முப்பத்தொரு குடும்பத்துக்கும் ஒட்டிக்கும். ஏழைங்க மேல நமக்கு அக்கறை வேணாமா?"

"ஒட்டாது என்று ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது," என்று அவளிடம் வாங்கி வந்திருந்த சீட்டை மேஜை மேல் வைத்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. பக்கோடா எண்ணெய் பட்டதுதான் மிச்சம்.

"விதி கொண்டாந்தது யாரு? நீங்க," என்றார் வக்கீல். "கரி இருந்தாத்தான் கணக்குன்னு வெரல காட்டுனது யாரு? நீங்க. இப்ப அதே விதிய ஒடைக்கணும்னு வர்றது யாரு?"

"நான்தான்."

"அதான் சொல்றேன்," என்றார், வழக்கில் ஜெயித்தவர் போல.

தலைமை ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டு, "ஏழைகளுக்குத் தொண்டு செய்யணும்னா ஏழைகள் மத்தியிலேயே நமக்கு ஒரு அலுவலகம் வேணும்," என்றார். அறுநூறு அடி நடந்து போகாதவர்கள் இரயில் பாதையைத் தாண்டி ஒன்றரை மைல் போய் உட்காரப் போகிறார்களாம். அந்த அலுவலகத்துக்கு வைக்கக் கல்வெட்டே தயாராகிவிட்டது என்று அன்றுதான் தெரிந்தது. வீடுகளுக்கு ஒரு செங்கல் வரவில்லை. ஏழு பேர் பெயரும் கல்லில் வெட்டியாகிவிட்டது. என் பெயர் ஏழாவது. ஓட்டு எடுத்தார்கள். ஆறுக்கு ஒன்று.

படுகைக்காரர்களாவது சேர்ந்து கேட்டால் தலைவர் இறங்கி வருவார் என்று நினைத்து அங்கே போனேன். ஏழைக்கு ஏழை இரங்குவான் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். பட்டியலில் பெயர் இருந்த முப்பத்தொரு வீட்டுக்கும் போனேன். இருபத்தெட்டு வீட்டில், அந்தாளு இருமினால் தூக்கம் வராது, சூளைச் சுவர்தான் அவர்களுக்கு நல்லது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. பட்டியலில் பெயர் வந்ததும் அவர்களுக்கும் ஒரு தலைவர் முகம் வந்துவிட்டது. உப்புக்காகச் சண்டை போட்ட மாமியார் மட்டும்தான், "ஒண்டியா அந்தப் பொண்ணு அந்தாள சொமந்துகினு கெடக்குது. குடுத்துத் தொலைங்களேன், ஒங்க அப்பன் வூட்டு எடமா?" என்றாள். அது சங்கத்தைச் சொன்னதா என்னைச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை.

இனி செய்ய ஒன்றுதான் இருந்தது. பட்டியலை டைப் செய்யும் வேலை என்னுடையது. மூன்று பிரதி, முப்பத்திரண்டு வரி. முப்பத்திரண்டாவது வரியில் சங்கத்தின் பெயர் வர வேண்டும். நான் அந்த இருமல்காரன் பெயரையும் அவன் தகப்பன் பெயரையும் அடித்தேன். இதை வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரயில்வே உத்தியோகம் போய்விடும் என்ற பயத்தில் நான்கு இடத்தில் எழுத்து ஒன்றின் மேல் ஒன்று விழுந்தது. இரண்டு தடவை தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஆறு பேரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். இது என்ன என்று கேட்டால் சொல்வதற்கு ஆளுக்கொரு பதில் வீதம் ஆறு பதில் தயாராக வைத்திருந்தேன். தலைவர் டெலிபோனில் நெல் விலை பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வக்கீல் கோர்ட்டு வராந்தாவில் கட்சிக்காரர் ஒருவரைக் குனியச் சொல்லி அவர் முதுகில் தாளை வைத்துப் போட்டார். தலைமை ஆசிரியர் படிப்பதற்குத்தான் கண்ணாடி, கையெழுத்துக்கு வேண்டாம் என்று கழற்றி வைத்துவிட்டுப் போட்டார். ஜவுளிக்கடைக்காரர் "எங்க?" என்றார், இடத்தைக் காட்டினேன். மற்ற இரண்டு பேரும் ஒரு வளைகாப்பில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரே பேனாவில் முடிந்தது. ஆறு பேர், மூன்று பிரதி, பதினெட்டுக் கையெழுத்து. ஒருவர்கூடப் படிக்கவில்லை. தயாரித்த ஆறு பதிலில் ஒன்றுகூடச் செலவாகவில்லை. அன்று எனக்குப் பயம் போய் அருவருப்பு வந்தது. அது இன்றுவரை போகவில்லை.

தாசில்தார் ஒரு மத்தியானம் நேரில் வந்து பட்டியலைச் சரிபார்த்தார். வெயில் என்று சங்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை, நான் ஒருவன்தான். தகரத்தடிக்கு வந்ததும் அவர் சூளைக்காரியைக் கேட்டார்:

"சமையல் எங்கம்மா?"

"அதோ, அங்க," என்று கையைக் காட்டினாள்.

போய்ப் பார்த்தார். ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் படித்தார். "சரி," என்று பட்டியலில் ஒரு குறி போட்டார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். எங்கள் ஏழு பேருக்கு மூன்று கூட்டம் நடத்தியும் முடியாத காரியம்.

ஆவணியில் பட்டா வழங்கும் விழா. இரயில் பாதை ஓரத்தில் பந்தல். பேசியவர்கள் ஒன்பது பேர், இரண்டு மணி ஐம்பது நிமிடம். பட்டா கொடுத்தது பதினெட்டு நிமிடம். தாசில்தார் வரிசையாகப் பெயரைப் படிக்கப் படிக்க ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். முப்பத்தொன்று முடிந்ததும் தலைவர் எழுந்து துண்டைச் சரி செய்துகொண்டு, சங்கத்துப் பட்டாவை வாங்கக் கையை நீட்டியபடி முன்னால் வந்துவிட்டார். போட்டோக்காரரும் தயாராக இருந்தார்.

தாசில்தார் முப்பத்திரண்டாவது பெயரைப் படித்தார். கூட்டத்தின் பின்னாலிருந்து சூளைக்காரி எழுந்து வந்தாள். தலைமயிரில் வைக்கோல் துரும்பு ஒட்டியிருந்தது. பட்டறையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும்.

தலைவர் நீட்டிய கை நீட்டியபடி நின்றது. ஒன்று, இரண்டு என்று நான் மனத்துக்குள் எண்ணினேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தபோது நான்கு. ஐந்து எண்ணுவதற்குள் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! எங்கள் சங்கத்துக்கென்று ஒதுக்கிய இடத்தை, நோயில் வாடும் ஒரு ஏழைக் குடும்பத்துக்காக இன்று நாங்கள் மனமுவந்து தியாகம் செய்கிறோம்!"

பந்தல் அதிர்ந்தது. இருமினால் தூக்கம் வராது என்ற இருபத்தெட்டு வீட்டுக்காரர்களும் கை தட்டினார்கள். தாசில்தார் கையிலிருந்த பட்டாவைத் தலைவரே வாங்கி அவளிடம் கொடுத்தார். போட்டோ சரியாக விழவில்லை என்று மூன்று தடவை கொடுத்தார். மூன்று தடவையும் துண்டால் மூக்கை மூடிக்கொண்டார். அவள் புருஷன் அங்கே வரவே இல்லை.

என்னைக் கிழித்துவிடுவார்கள் என்று பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வக்கீல் பக்கத்தில் வந்து தோளைத் தட்டினார். "நல்ல வேல பண்ணீங்க செக்ரட்ரி. மினிட் புஸ்தகத்துல மட்டும் போன மாசத் தேதி போட்டு ஒரு தீர்மானம் எழுதிருங்க. ஒருமனதான்னு போடுங்க." எழுதினேன். முன்மொழிந்தவர் தலைவர், வழிமொழிந்தவர் வக்கீல். அது என் இரண்டாவது பொய்ப் பத்திரம். அதை மட்டும் ஆறு பேரும் உட்கார்ந்து நிதானமாகப் படித்தார்கள். தலைமை ஆசிரியர் கண்ணாடி போட்டுக்கொண்டு, 'தியாகம்' என்ற சொல் இன்னொரு இடத்தில் வரலாமே என்றார். சேர்த்தேன். அதோடு விலகல் கடிதமும் கொடுத்தேன். அதையும் படிக்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான் வராததை அவர்கள் கவனிக்கவே மூன்று கூட்டம் ஆயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன்.

விழா முடிந்து போகும்போது அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "சார், இத படிச்சுக் காட்டிட்டுப் போங்க."

படித்தேன். பெயர், தகப்பன் பெயர், நான்கு எல்லை, நீளம், அகலம்.

"இன்னொரு வாட்டி."

இன்னொரு முறை படித்தேன். விரலை மடக்கி எல்லைகளை எண்ணிக்கொண்டாள்.

"நாளைக்கி உங்க ஆளுங்க வந்து, நாங்க தியாகம் பண்ண எடம், திருப்பிக் குடுன்னு கேட்டா?"

"கேட்க முடியாது."

"நீங்க சொல்றீங்களா, பேப்பரு சொல்லுதா?"

"பேப்பர்தான் சொல்கிறது."

"அப்ப சரி. போயிட்டு வரேன் சார், அந்தாளு ஒண்டியா இருக்குது," என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

புரட்டாசி கடைசியில் மனையில் மண் சுவர் வைத்து, தரையை ஒன்றரை முழம் உயர்த்தி, மேலே அதே நான்கு தகரத்தைப் போட்டுவிட்டார்கள். சுவர் வைக்க அந்த மாமியாரும் மருமகளும் போய் மண் மிதித்தார்களாம். வேறு யாரும் போகவில்லை. நானும் போகவில்லை, எனக்கு மண் மிதிக்கத் தெரியாது என்பது ஒரு காரணம். மற்ற காரணங்கள் அதைவிட மட்டமானவை.

ஐப்பசியில் முதல் மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. படுகையில் ஆறு ஏறிவிட்டது என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குடையை எடுத்துக்கொண்டு இரயில் பாதையைத் தாண்டிப் போனேன். கடைசி மனையை அடைவதற்குள் முழங்கால் வரை சேறு. தகரத்தின் மேல் மழை விழும் சத்தத்தில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு உள்ளேயிருந்து இருமல் கேட்டது. நின்று எண்ணினேன். பதினொன்று. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஆறு.

அவள் கதவுப் படலைத் தள்ளினாள். அவன் உள்சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றிலும் தரை சாம்பல் நிறத்தில் காய்ந்து கிடந்தது. விசாரித்துவிட்டுப் போகலாம் என்று குடையை மடக்கிக்கொண்டு ஒரு காலைத் தூக்கி வாசல்படியில் வைக்கப் போனேன்.

"சார், சார், அங்கியே நில்லுங்க," என்று இரண்டு கையையும் நீட்டிக் குறுக்கே நின்றாள். "உள்ள வராதீங்க. தர நனஞ்சிரும்."

காலை எடுத்துக்கொண்டேன். குடையை மறுபடி விரித்தேன். அவள் படலைச் சாத்தினாள்.